ஏழு கிலோவுக்குள் உலகம்: ஒரு பையின் நாட்குறிப்பு

நாள் 0 – சென்னை

சென்னையிலிருந்து கோலாலம்பூர், டோக்கியோ, ஆக்லாந்து, சாண்டியாகோ, குஸ்கோ, மாட்ரிட், இஸ்தான்புல், திரும்பச் சென்னை. ஜனவரிக் கடைசியில் புறப்பாடு, மே நடுவில் வீடு. மூன்றரை மாதம். புழுக்கம், கடுங்குளிர், கோடை, மலைக்காற்று எல்லாம் ஒரே சுற்றில் வந்துவிடும். ஆளுக்கு ஒரு பை, அதுவும் விமானத்துக்குள் கையோடு எடுத்துச் செல்லும் ஏழு கிலோ கணக்குக்குள்.

"மூன்றரை மாசத்துக்கு எத்தனை சட்டை?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் பை பருக்க ஆரம்பிக்கிறது. பத்து நாள் பயணத்துக்கு எத்தனை சட்டையோ, நூறு நாளுக்கும் அத்தனைதான். உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, பையில் ஒன்று. பையின் எடை பயண நாள்களைப் பொறுத்தது அல்ல; துவைத்த துணி எத்தனை மணி நேரத்தில் காய்கிறது என்பதைப் பொறுத்தது. ராத்திரி பத்து மணிக்கு அலசிப் போட்டது காலை ஏழு மணிக்குக் காய்ந்திருக்க வேண்டும். காயாத துணி எவ்வளவு பிடித்த துணியாக இருந்தாலும் வீட்டிலேயே இருக்கட்டும். ஜீன்ஸ் அடிபடுவது இந்த இடத்தில்தான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சமையலறைத் தராசில் துணியைக் காய்ந்தபடி நிறுங்கள். நனைத்து, நன்றாகப் பிழிந்து, மறுபடி நிறுங்கள். கூடிய எடை முழுக்கத் தண்ணீர். அது இரவுக்குள் ஆவியாக வேண்டும். ஒரே கனத்தில் ஒரு பருத்திச் சட்டையையும் ஒரு பாலியஸ்டர் சட்டையையும் இப்படி நிறுத்துப் பார்த்தால் பிறகு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பையின் கணக்கு இது. காலிப் பை 1,150 கிராம். 38 லிட்டர், 54 × 35 × 22 செ.மீ., சட்டம் இல்லாத மெத்துப் பை, சூட்கேஸ் மாதிரி மூன்று பக்கமும் ஜிப் திறக்கும். சக்கரம் வைத்த சின்னத் தள்ளுப்பெட்டிகூட இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். ஒரு துணிகூட வைப்பதற்கு முன்பே ஏழில் மூன்று போய்விடும். துணியும் செருப்பும் 2,890 கிராம். அதில் டி-ஷர்ட் 2 (320), பேண்ட் 1 (330), உள்ளாடை 3 (180), காலுறை 2 ஜோடி (90), கைலி (260), ஈரிழைத் துண்டு (140), ஃபிளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கைக் கம்பளி மேல்சட்டை (300), இறகு அடைத்த ஜாக்கெட் (320), மழைச்சட்டை (280), உடம்போடு ஒட்டும் தெர்மல் மேலும் கீழும் (340), ரப்பர் செருப்பு (330). திரவப் பையும் மருந்துப் பையும் சேர்த்து 700. மின்சாமான் 500. பாஸ்போர்ட், காகிதம், நோட்டு 350. தையல் சாமான், சோப்பு, கொடிக்கயிறு, தண்ணீர் பாட்டில், பருப்புப் பொடி, மடக்குப் பை 695. ஆகமொத்தம் 6,285 கிராம். மிச்சம் 715 கிராமை நிரப்பக் கூடாது. அது ஒவ்வொரு ஊரிலும் தண்ணீருக்கும் ரொட்டிக்கும் வேண்டிய இடம்.

பெண்களுக்கும் இதே கணக்குதான். டி-ஷர்ட்டுக்குப் பதில் மெல்லிய குர்த்தி, கூட ஒரு துப்பட்டா. துப்பட்டா குளிருக்குக் கழுத்தில், வெயிலுக்குத் தலையில், பள்ளிவாசலில் முக்காடு. மாதவிடாய்க்கு சிலிக்கான் கப் பழகியவர்களுக்கு ஒரு பெரிய பொட்டலமே குறையும். ஆனால் புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே பழகிவிட வேண்டும். வெளியூரில் போய் முதல்முறையாக முயல்வது சரிப்படாது.

1889 நவம்பர் 14 அன்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட நெல்லி பிளை என்ற பத்திரிகையாளர் 72 நாளில் உலகைச் சுற்றினார். வழியில் கப்பலுக்காகக் கொழும்பில் சில நாள் காத்திருந்தார். உடம்பில் ஒரே கவுன், கையில் சுமார் 16 அங்குல நீளமும் 7 அங்குல உயரமும் உள்ள ஒரே பை. அதற்குள் அடங்க மறுத்து அவரை அதிகம் படுத்தியது முகத்துக்குப் பூசும் கிரீம் ஜாடி. நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த விஷயம் மாறவில்லை. துணி எப்படியாவது அடங்கிவிடும், திரவம்தான் மல்லுக்கு நிற்கும்.

நாள் 1 – சென்னை விமான நிலையம்

திரவம் எதுவானாலும் 100 மி.லி.க்கு மேல் போகாத பாட்டிலில் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கண்ணாடிப் பைக்குள், அதாவது உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பைக்குள். இங்கே பாட்டிலின் கொள்ளளவுதான் கணக்கு, உள்ளே இருப்பது அல்ல. 200 மி.லி. பாட்டிலில் கால்வாசி எண்ணெய் இருந்தாலும் குப்பைக்குப் போகும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உறைந்தாலும் சோதனைக்காரர்களுக்கு அது திரவம்தான். பற்பசைக்குப் பதில் பல்பொடி, ஷாம்புக்குப் பதில் கட்டி ஷாம்பு, திரவ சோப்புக்குப் பதில் துவைக்கும் சோப்பில் வெட்டிய 100 கிராம் துண்டு. இந்த மூன்றையும் மாற்றினாலே கண்ணாடிப் பையில் பாதி காலி.

பவர் பேங்க் கையில் எடுத்துச் செல்லும் பையில்தான் இருக்க வேண்டும். சரக்கில் போடவே கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-மணி. கணக்கு எளிது: மில்லி ஆம்பியர்-மணியை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுங்கள். 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74. மேலே அச்சிட்ட எண் தேய்ந்து அழிந்திருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். புறப்படும் முன் அந்த எழுத்தின் மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். 2025 முதல் பல ஆசிய விமானங்களில் அதைத் தலைக்கு மேல் உள்ள பெட்டியில் வைக்க விடுவதில்லை. எடுக்க வாகாக வெளி அறையில் வையுங்கள்.

நாள் 3 – கோலாலம்பூர்

முதல் ஊரே கடினமான ஊர். இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும், துணி மட்டும் காயாது. காற்றே ஈரமாக இருப்பதால் துணியிலிருக்கும் ஈரத்துக்குப் போக இடமில்லை. குளியலறையில் தொங்கவிட்டால் மறுநாள் காலையில் அதே ஈரத்தோடு புளித்த வாடையும் சேர்ந்திருக்கும். அந்த வாடை அழுக்கினால் வருவது அல்ல. அதிக நேரம் ஈரமாகக் கிடந்த துணியில் பெருகும் கிருமியால் வருவது. மறுபடி சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசினால்தான் போகும்.

ஏசி அறை என்றால் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுத் துணியை அறைக்குள் கொண்டுவாருங்கள். ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் வடித்து வெளியே தள்ளுகிறது. ஏசி இல்லையென்றால் மின்விசிறிக்கு நேர் கீழே. ஆனால் எங்கே போடுகிறோம் என்பதைவிட எப்படிப் பிழிகிறோம் என்பதுதான் பெரிது. அதற்குத்தான் ஈரிழைத் துண்டு.

கடைகளில் பயணத்துக்கென்றே விற்கும் மைக்ரோஃபைபர் துண்டுகளைவிட நம் ஈரிழைத் துண்டு இந்த வேலைக்கு மேல். மெல்லிசு, பூந்துவாலை மாதிரி மொசுமொசுவென்று நூல் நிற்காது, நெசவில் கண் தெரியும். வெளிச்சத்தில் பிடித்தால் ஜன்னல் கம்பி தெரிய வேண்டும்; அதுதான் நல்ல துண்டுக்கு அடையாளம். கஞ்சி போகப் புறப்படும் முன் நாலைந்து தடவை துவைத்துவிடுங்கள். புதுத்துண்டு தண்ணீரை இழுக்காது.

சட்டையை அலசியதும் கையால் அமுக்கித் தண்ணீரை எடுங்கள், முறுக்க வேண்டாம். துண்டைத் தரையில் விரித்து, சட்டையை அதன்மேல் சுருக்கமில்லாமல் பரப்புங்கள். கையிரண்டையும் உள்பக்கம் மடித்து, பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கமாகச் சுருட்டுங்கள். சுருளின் ஒரு முனையைக் குதிகாலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை இரண்டு கையாலும் முறுக்குங்கள். துண்டு கருத்துப்போகும், சட்டையிலிருந்த தண்ணீர் அதற்கு மாறியிருக்கிறது என்று அர்த்தம். பிரித்து, துண்டைத் தனியாகப் பிழிந்து, இன்னொரு தடவை செய்யுங்கள். இரண்டாம் தடவைக்குப் பிறகு சட்டையைத் தொட்டால் சில்லென்றிருக்கும், கையில் ஈரம் ஒட்டாது. அந்த நிலையில் கொடியில் போட்டால் கோலாலம்பூரிலும் காலைக்குள் காயும். துண்டின் வழியாக முறுக்குவதால் சட்டையின் பின்னல் இழுபட்டுத் தொளதொளவென்று ஆகாது.

கொடியில் தலைகீழாக, ஓரத்தைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். இரண்டு துணிக்கு நடுவில் நாலு விரல் இடம். ரப்பர் நூல் மூன்றைப் பின்னிய கொடிக்கயிறு 60 கிராம்தான். பின்னலுக்குள் துணி முனையைச் செருகினால் கிளிப்பே வேண்டாம். தொட்டியின் ஓட்டையை அடைக்க 25 கிராமில் ஒரு தட்டை ரப்பர் மூடி. எந்த ஊர்த் தொட்டிக்கும் பொருந்தும், பெரும்பாலான தொட்டிகளில் மூடி இருப்பதே இல்லை.

கைலியையோ துண்டையோ மறந்து வந்தவர்கள் இங்கே நம்மவர் கடைகள் உள்ள பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் வாங்கிக்கொள்ளலாம். கைலி படுக்கை விரிப்பு, ஜன்னல் திரை, பொதுக் குளியலறைக்குப் போகும் உடை, பத்துமலை முருகன் கோயிலில் அரைக்கால் சட்டைக்கு மேல் சுற்றிக்கொள்ள ஒரு வேட்டி.

நாள் 11 – டோக்கியோ

பிப்ரவரிக் காலையில் 2, 3 டிகிரி. தெர்மல், டி-ஷர்ட், ஃபிளீஸ், இறகு ஜாக்கெட், மழைச்சட்டை என்று ஐந்து அடுக்கும் உடம்பில். ஒன்றரைக் கிலோ கோட்டு செய்யும் வேலையை இந்த ஐந்தும் செய்யும்; ஆக்லாந்துக்குப் போனதும் தனித்தனியாகவும் உதவும். மழைச்சட்டை மழைக்கு மட்டுமல்ல. காற்றைத் தடுக்கும் வெளி அடுக்கு அது. அது இல்லாவிட்டால் உள்ளே உள்ள நாலும் சேமித்த சூட்டைக் காற்று ஊதிக் கொண்டுபோய்விடும். இறகு ஜாக்கெட் நனைந்தால் இறகு கட்டிதட்டிச் சூடு பிடிக்காமல் போகும்; ஆகவே அது என்றும் உள் அடுக்குதான். குளிர்த்துணியைச் சென்னையில் தேடி அலைய வேண்டாம். தெர்மலை இங்கே யுனிக்லோ துணிக்கடையில் வாங்கலாம். வாங்கும் நாள்வரை அந்த 340 கிராமைச் சுமக்கவும் வேண்டாம்.

விமானம் ஏறும் அன்று கனமான துணியும் ஷூவும் உடம்பில் இருக்கட்டும். ஜாக்கெட் பைகளில் போன், சார்ஜர், நோட்டு. தராசு பையைத்தான் நிறுக்கும்.

இங்கே மின்சாரம் 100 வோல்ட், சாக்கெட்டில் இரண்டு தட்டைக் காது. சார்ஜரில் "100–240" என்று அச்சிட்டிருந்தால் அடாப்டர் மட்டும் போதும். வெந்நீர் வைக்கும் கம்பிச்சுருளைச் சிலர் மறக்காமல் எடுத்து வருகிறார்கள். வோல்டேஜ் பாதியாகக் குறைந்தால் சூடு கால்வாசியாகக் குறையும். 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் சுருள் இங்கே 190 வாட்தான் தரும். ஒரு டம்ளர் தண்ணீர் கொதிப்பதற்குள் பசி அடங்கிவிடும். அடாப்டர் முனையின் வடிவத்தை மாற்றும், வோல்டேஜை மாற்றாது.

துணி இங்கே ஒரு பிரச்சினையே இல்லை. குளிர்காலக் காற்று வறண்டது. அறையில் ஹீட்டர் வேறு. ஈரத்துணியைத் தொங்கவிட்டால் தொண்டை வறட்சிக்கும் நல்லது. விடுதியில் காசு போட்டு ஓட்டும் உலர்த்தி இருக்கும், 100 யென்னுக்குப் பத்து நிமிடம் போல. மெரினோ கம்பளி டி-ஷர்ட்டை மட்டும் அதில் போடாதீர்கள். போட்டால் குழந்தைச் சட்டையாகத்தான் திரும்ப வரும்.

மருந்துதான் ஜப்பானில் கவனமாக இருக்க வேண்டிய விஷயம். சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்கு இங்கே தடை. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். டாக்டர் சீட்டில் வாங்கும் மாத்திரை ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் "யுன்யு ககுனின்ஷோ" என்ற இறக்குமதிச் சான்றிதழ் வேண்டும். மூன்றரை மாதத்துக்கும் சேர்த்துச் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எடுத்து வருபவர்களை இது நேராகப் பாதிக்கும். இணையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டால் எடை குறையும் என்பது உண்மைதான். ஆனால் பெயர் தெரியாத மாத்திரையோடு எந்த எல்லையிலும் நிற்கக் கூடாது.

நாள் 29 – ஆக்லாந்து

இறங்குவதற்கு முந்தைய இரவே ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியிலுள்ள பள்ளங்களில் ஒட்டிய மண்ணைப் பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டி, கழுவி, காயவைக்க வேண்டும். மண்ணோடும் விதையோடும் நோய் வந்துவிடும் என்று இந்த நாடு அஞ்சுகிறது. விவசாயத்தை நம்பி வாழும் தீவு, அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. உணவு எதுவானாலும் படிவத்தில் "ஆம்". பருப்புப் பொடி, முறுக்கு, ஏலக்காய், பையின் மூலையில் மறந்துபோன ஒரு ஆப்பிள், எல்லாம்தான். சொன்னால் பார்த்துவிட்டுத் தருவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவே. சொல்லாமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேன் கொண்டுவரவே வேண்டாம்.

நாள் 46 – சாண்டியாகோ

ஆக்லாந்தில் சாயங்காலம் ஏறினால் அதே தேதியில், ஏறிய மணிக்கு முன்னதாகவே இங்கே இறங்கலாம். தேதிக் கோட்டைத் தாண்டுவதால் அந்த ஒரு தேதிக்கு மட்டும் 40 மணி நேரம். தினம் ஒரு மாத்திரை சாப்பிடுபவர்கள் தேதியைப் பார்க்காமல் முந்தைய வேளையிலிருந்து 24 மணி நேரத்தை எண்ணுங்கள். 

சிலியிலும் உணவுப் படிவம் உண்டு, பழத்துக்குக் கண்டிப்பு. நம்முடைய இரண்டு உருண்டை முனை சார்ஜர் இங்கிருந்து இஸ்தான்புல் வரை அடாப்டர் இல்லாமலே பொருந்தும். மூன்று முனை பொருந்தாது.

நாள் 58 – குஸ்கோ

பெரு நாட்டு மலைநகரம், உயரம் 3,400 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மனிதருக்கு மூச்சு வாங்கும், பாட்டிலுக்கு வாய் கக்கும். வழியில் கடலோர லிமாவில் மூடிய பாட்டிலுக்குள் கடல்மட்டக் காற்று அடைபட்டிருக்கிறது. மேலே வந்ததும் அது விரிந்து எண்ணெயை மூடி வழியாக வெளியே தள்ளுகிறது. பாட்டிலை அமுக்கி, எண்ணெய் வாய்வரை வந்ததும் அந்த நிலையிலேயே மூடியைத் திருகுங்கள். உள்ளே காற்று இல்லையென்றால் தள்ளவும் ஆள் இல்லை. வாயின்மேல் ஒரு சதுரம் பாலிதீன் தாள் வைத்து அதன்மேல் மூடியைத் திருகினால் இன்னும் பத்திரம். மேலே போனபின் திறக்கும்போது முகத்துக்கு எதிரே பிடிக்காதீர்கள்.

பகல் வெயிலில் துணி மூன்று நாலு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். மாலையில் வெயில் இறங்கினால் குளிர் கவ்வும். இங்கே மட்டும் துவைக்கும் வேளையைக் காலைக்கு மாற்றுங்கள்.

இன்கா காலத்து மலைநகரமான மச்சு பிச்சுவுக்குள் 40 × 35 × 20 செ.மீ. தாண்டிய பையை விடமாட்டார்கள். 90 கிராம் மடக்குப் பை அதற்குத்தான். பெரிய பை விடுதியில் இருக்கட்டும்.

அமெரிக்க டாலர் நோட்டில் ஓரம் துளி கிழிந்திருந்தாலும் இங்கே கடைக்காரர்கள் வாங்கமாட்டார்கள். மடிக்காமல், பாஸ்போர்ட் உறைக்குள் தட்டையாக வைத்து வாருங்கள். அல்பாகா என்னும் ஒட்டக இன விலங்கின் கம்பளிச் சட்டை கண்ணைப் பறிக்கும். ஒன்று வாங்கினால் ஃபிளீஸை விடுதியில் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டால் மிச்சம் வைத்த 715 கிராம் அன்றைக்கே காலி.

நாள் 77 – மாட்ரிட்

ஆசியாவில் தராசு, ஐரோப்பாவில் பையை உள்ளே விட்டுப் பார்க்கும் அளவுக் கூடு. மலிவு விமானங்களில் இலவசமாக விடுவது இருக்கைக்கு அடியில் போகும் சின்னப் பை மட்டும். சில நிறுவனங்களில் 40 × 30 × 20 செ.மீ. 38 லிட்டர் பைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதை டிக்கெட்டோடு கட்டுவது மலிவு, வாசலில் கட்டுவது தண்டம். பணம் கட்டிய பைக்கும் 20 செ.மீ. கனம் கேட்கும் கூடு இருந்தால், அதற்குள் 22 செ.மீ. பை போக மேலே இருக்கும் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாலே போதும். சட்டமில்லாத பையின் அருமை அப்போது தெரியும்.

இந்தக் கட்டத்தில் ஜிப் மக்கர் செய்யும். இழுவை ஓடுகிறது, பின்னாலேயே பல் திறந்துகொள்கிறது. பலரும் பல் போய்விட்டது என்று பையையே மாற்றுகிறார்கள். பெரும்பாலும் பல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மண்ணும் இறுக்கமும் சேர்ந்து இழுவையின் இரண்டு தகடும் விரிந்திருக்கும். அமுக்கம் போதாமல் பல் கவ்வாது. இழுவையைத் திறக்கும் முனைவரை கொண்டுபோங்கள். பழைய பிரஷ்ஷால் பல்லைத் துடையுங்கள். சின்னக் குறடால் இழுவையின் பின்பக்க இடது ஓரத்தை லேசாக ஒரு அழுத்து, பிறகு வலது ஓரத்தை அதே அளவு. ஓட்டிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் ஒரு மயிரிழை. ஒரேயடியாக நசுக்கினால் தகடு உடையும். குறடு விமானத்துக்கு ஆகாத சாமான், விடுதி வரவேற்பில் கேட்டாலே கிடைக்கும். சரியானதும் பல்மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள்.

இன்னொன்று, எடையே இல்லாத சாமான்: இந்திய சிம். வங்கி அனுப்பும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ரோமிங்கை ஊரிலேயே திறந்து வைத்து, உள்ளூர் இணையத்துக்கு இ-சிம் போட்டுக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சுக்குப் பிறகு வந்த வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும்; செயலியில் போய்த் திறக்க வேண்டும். இரண்டு அட்டை, இரண்டு வெவ்வேறு இடத்தில்.

நாள் 98 – இஸ்தான்புல்

பள்ளிவாசலில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துப் போக வேண்டும், அதற்கு ஒரு துணிப்பை. பெண்களுக்குத் தலையில் துப்பட்டா, எல்லாருக்கும் முழங்கால் மூட வேண்டும். அரைக்கால் சட்டைக்காரர்களுக்குக் கைலி இங்கேயும் கைகொடுக்கும்.

இங்கே ஹமாம் என்னும் பொதுக் குளியல் கூடங்களில் கட்டிக்கொள்ளத் தரும் பெஷ்தெமால் துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். தட்டையான பருத்தி நெசவு, மெல்லிசு, ஓரத்தில் குஞ்சம். நம் ஈரிழைத் துண்டுக்குப் பங்காளி. தினமும் ஈரத்தில் கிடந்தும் வாடை ஏறாததற்கு அந்த மெல்லிய நெசவுதான் காரணம். நூறு நாள் பிழிந்ததில் நம் துண்டு நடுவில் நைந்திருந்தால் மாற்றுத்துண்டு வாங்க இது ஏற்ற ஊர். கனமான, பூப்போட்ட வகையை விட்டுவிட்டு, வெளிச்சத்தில் கம்பி தெரியும் வகையைக் கேளுங்கள்.

விமான நிலைய வாசலிலேயே ஒரு சோதனை, உள்ளே இன்னொன்று. திரவப் பையும் பவர் பேங்கும் மேலாகவே இருக்கட்டும். பையின் மிச்ச இடத்தில் லோகும் என்ற துருக்கி இனிப்பு அரைக் கிலோ அடங்கும். பெட்டியைப் பிரித்துவிட்டு, மாவு சிந்தாமல் பாலிதீனில் கட்டி, இறகு ஜாக்கெட்டுக்கு நடுவில் வையுங்கள். சென்னையில் மே மாத வெயிலுக்கு அந்த ஜாக்கெட்டை உடனே அலசிக் காயவைத்துவிடலாம். காயும்போது இறகு கட்டிகளைக் கையால் தட்டிப் பிரித்துவிட்டு, அமுக்காமல் பீரோவில் தொங்கவிடுங்கள்.